கொக்கனேந்தல் விலக்கு

அரசாங்கத்திடம் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், முப்பது நாளுக்குள் அது பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்திருப்பதாகப் பேப்பரில் படித்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். முதுகுளத்தூரில் மனு எழுதிக் கொடுத்து இருபது வருஷமாக வயிறு வளர்க்கிறவன் நான். எனக்குத் தெரிந்த அரசாங்கம் கேள்வி கேட்கும் அரசாங்கம். தகப்பன் பெயர் என்ன, ரேஷன் கார்டு எங்கே, செத்துப்போனவரை ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று அது கேட்கும். நாம் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்வோம். இந்த ஏற்பாட்டில் இரண்டு தரப்புக்கும் ஒரு குறையும் இல்லாமல் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அதைக் கெடுத்தவள் கொக்கனேந்தல் கருத்தம்மாள்.

திருவாடானைப் பக்கம் பிறந்து, எண்பத்தொன்றாம் வருஷம் கொக்கனேந்தலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அஞ்சாம் வகுப்பு வரை படிப்பு. மற்றபடி அவளிடம் இருந்த சொத்து வாய் மட்டும்தான். வந்த வருஷமே மிளகாய்ப் பழம் பறிக்கப் போன இடத்தில், "ஆம்பளைக்குக் குடுக்குறதுல பாதிதான் எனக்குன்னா, என் கையில விரலு பாதியாவா இருக்கு?" என்று நிலத்துக்காரரைக் கேட்டாள். மறுநாள் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. ரேஷன் கடைக்காரரிடம், "உங்க எடைக்கல்லுக்கு என்ன சீக்கு? மாசாமாசம் மெலிஞ்சுக்கிட்டே வருதே" என்று கேட்டாள். கோயில் கொடை முடிந்த மறுநாள் கணக்குக் கேட்டாள். சாமி வந்து ஆடியவரிடம், போன வருஷம் சொன்ன மழை எங்கே என்று கேட்டாள். ஊரில் அவளுக்கு எதிரிகள் குறைவு என்று சொன்னால் அது பொய்.

அவள் புருஷன் தங்கசாமி அதற்கு நேர்மாறு. வாய் படைக்கப்பட்டது வெற்றிலை போடத்தான் என்று நினைக்கிற மனிதர். மானாவாரியாக இரண்டு ஏக்கர் மிளகாய், இருபது முப்பது ஆடு. ஆடுகளோடு பேசுகிற பேச்சில் கால்வாசிகூட மனிதர்களோடு பேச மாட்டார். இருவருக்கும் பிறந்த பையன்கள் இரண்டு பேரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த பெண் சேதுலட்சுமி. அவள் பத்தாவதில் நானூற்றுச் சொச்சம் மார்க் வாங்கி, இரண்டாயிரத்து ஏழில் முதுகுளத்தூரில் பிளஸ் ஒன் சேர்ந்தாள். அங்கேதான் பிரச்சனை ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து ஒரு ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தை விலக்கு என்று சொல்வோம். ஊருக்குள் பஸ் வராது. விலக்கில் இறங்கி நடந்து போவோம். கொக்கனேந்தல் விலக்கில் ஒரு புளியமரம் உண்டு, நிழல்குடை கிடையாது. கருத்தம்மாள் கல்யாணப் பெண்ணாக வந்து இறங்கிய காலத்திலிருந்து காலை பஸ் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தது. பிறகு ஒரு நாள் அதே பஸ்ஸின் நெற்றியில் 'எல்.எஸ்.எஸ்.' என்று ஒரு போர்டு மாட்டினார்கள். குறைந்த இடங்களில் மட்டும் நிற்கும் சொகுசு வண்டி என்று அர்த்தம். ஜன்னல் ஷட்டர் அதே கயிற்றில்தான் தொங்கியது. மழை பெய்தால் அதே மூன்றாவது சீட்டில்தான் ஒழுகியது. போர்டு மாட்டியதும் டிக்கெட் விலை ஏறிவிட்டது, கொக்கனேந்தல் விலக்கு இறங்கிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இலவச பாஸ் அந்த வண்டியில் செல்லாது என்பது அரசாங்கத்துக்குக் கூடுதல் லாபம்.

கண்டக்டர் பெயர் கூத்தையா. விலக்கில் யூனிபாரம் போட்ட பிள்ளைகளைக் கண்டால் அவர் இரட்டை விசில் கொடுப்பார். டிரைவர் ஒரு மிதி மிதிப்பார். சில நாள் நூறு அடி தள்ளிப் போய் நிற்பார்கள். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ச் சேரும்போது வண்டி கிளம்பிவிடும். இதில் அவர்களுக்கு என்ன சந்தோஷமோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

நின்று ஏற்றிக்கொள்ளும் அடுத்த இடம் ஆலமரத்து ஸ்டாப். நாலு மைல், இரண்டு பக்கமும் கருவேலங்காடு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளை அந்த முள்ளுப் பாதையில் ஓட்டிப் பார்த்தாள் சேதுலட்சுமி. ஒரு வாரத்தில் டியூபில் ஒட்டுப் போட இடமில்லை. அதனால் விடியுமுன் தாயும் மகளும் நடந்தார்கள். ஆலமரத்து ஸ்டாப்பில் வேறு வழியாக வரும் சாதா பஸ்ஸில் மகளை ஏற்றிவிட்டு, கருத்தம்மாள் திரும்ப நடந்து வந்து களை எடுக்கப் போனாள்.

ஒரு மாதம் பார்த்தார் தங்கசாமி. பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு, அந்த வருஷத்திலேயே நீளமான ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

"தை வரைக்கும் பாக்குறேன். பஸ்ஸு நின்னா அவ போகட்டும். நிக்கலேன்னா படிப்ப நிப்பாட்டிட்டு எங்கக்கா மகனுக்குக் குடுத்துருவோம்."

பஸ் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் படிப்பு நிற்கும். ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அக்கா மகனுக்கு முப்பத்திரண்டு வயது. சாயல்குடியில் லாரி வைத்திருந்தான். ஒவ்வொரு வாரமும் வந்து கோழி அடித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

கருத்தம்மாள் என் மேஜைக்கு வந்து நின்றாள். "அண்ணே, கேள்வி கேட்டா முப்பது நாளுல பதில் சொல்ற சட்டம் ஒண்ணு வந்திருக்காம்ல. எங்க விலக்குல ஏன் பஸ்ஸ நிப்பாட்ட மாட்டேங்குறானுகன்னு ஒரு மனுப் போடுங்க."

ராமசுப்பிரமணியன் எழுதிய மனு என்றால் தாலுகாவில் ஒரு மரியாதை உண்டு. காரணம் என் தமிழ். பத்து வரி படித்த பிறகும் விஷயம் பிடிபடாது. அதிகாரிகள் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த நம்பிக்கையில் நான் எழுதினேன். பொருள்: கொக்கனேந்தல் விலக்கு, அமலாக்கமின்மை, பள்ளி மாணவிகள் சொல்லொணா அவதி, தகவல் கோருதல் தொடர்பாக. 'அமலாக்கம்' என்ற சொல்லைப் போட்டதும் மனுவுக்கே ஒரு கனம் வந்துவிட்டது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, உள்ளூர் ஆட்களை நம்ப முடியாது என்று நேராகச் சென்னைத் தலைமைச் செயலகத்துக்கு அனுப்பினேன்.

சென்னையில் அதைப் பிரித்தவர் தன் வாழ்நாளில் ஒரு விலக்கில் இறங்கியிருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்த விலக்கு ஒன்றே ஒன்று. மனுவைத் தூக்கி மதுவிலக்கைக் கவனிக்கும் ஆட்களுக்கு அனுப்பிவிட்டார். தமக்குச் சம்பந்தமில்லாத மனுவைச் சம்பந்தப்பட்ட இடத்துக்கு மாற்றி அனுப்பலாம் என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. மற்ற பிரிவுகள் எப்படியோ, அந்தப் பிரிவு மட்டும் நாடு முழுக்க மிகச் சிறப்பாக அமலில் இருக்கிறது.

ஒரு மத்தியானம் கொக்கனேந்தலுக்குள் மோட்டார் சைக்கிளில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

"இங்கன கருத்தம்மாள் யாரு? சாராயம் காய்ச்சுறதப் பத்தி மனுப் போட்டது நீதானா?"

"சாராயமா? நான் விலக்கப் பத்தில்ல எழுதிப் போட்டேன்."

"அதத்தான் கேக்குறோம். மதுவிலக்கு."

"மதுவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. விலக்குன்னா விலக்கு. ரோட்டுல இருக்குல்ல, புளியமரத்தடி, அது."

பெரியவர் நோட்டைத் திறந்தார். "சரி, அப்ப விலக்குல வச்சு சாராயம் விக்கிறாங்க. யாரு விக்கிறது?"

"அட ஏஞ் சாமி! அங்கன பஸ்ஸே நிக்க மாட்டேங்குது, சாராயம் எங்கிட்டு நிக்கும்?"

போலீஸ்காரர்கள் கடமை தவறாதவர்கள். விலக்குக்குப் போய்ப் புளியமரத்தைச் சுற்றிச் சோதனை போட்டார்கள். எவனோ குடித்துப் போட்ட ஒரு காலி குவார்ட்டர் பாட்டில் கிடைத்தது. அதைத் தாளில் சுற்றிப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, அன்று சாயங்காலமே ஊர் ஆம்பிளைகள் கூட்டமாகத் தங்கசாமி வீட்டு வாசலில் நின்றார்கள். கருத்தம்மா ஊரையே காட்டிக் கொடுத்துவிட்டாள், இனிமேல் ஒரு மனிதன் உழைத்த களைப்புக்கு ஒரு மடக்குக் குடிக்க முடியாதா என்று கத்தினார்கள். தங்கசாமி ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டே, "அவ கேப்பா" என்றார். அவ்வளவுதான். அது புகாரா, பெருமையா, சலிப்பா என்று வந்தவர்களுக்குப் புரியவில்லை. கலைந்து போய்விட்டார்கள்.

மனுவோ இன்னும் அடங்கவில்லை. சாராயம் இல்லை என்று தெரிந்ததும், அதை வைத்திருந்தவர் மறுபடியும் ஒரு தடவை பொருளைப் படித்திருக்கிறார். விலக்கு. பள்ளி மாணவிகள். சொல்லொணா அவதி. அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மனு சுகாதாரத்துக்குப் போனது.

ஆவணி வெயிலில் ஒரு பெண் குடையும் பெரிய பையுமாக வேர்க்க விறுவிறுக்க கருத்தம்மாள் வீட்டுக்கு வந்தாள். சுகாதார நர்ஸ் நூர் நிஷா. செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, தங்கசாமி ஆட்டுக் கொட்டத்துப் பக்கம் இருப்பதைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அக்கா, விலக்குப் பத்தித் தகவல் கேட்டிருந்தீங்களாம்ல. பொம்பளைப் பிள்ளைக ரொம்ப அவதிப்படுதுன்னு. மேல இருந்து நேர்ல போய்ப் பாக்கச் சொன்னாக. கூச்சப்படாமச் சொல்லுங்க. பாப்பாவுக்கு மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

"மாசாமாசமா? அது தெனமும் வருது தாயி. வருது, நிக்காமப் போயிருது. அதான் எங்களுக்கு அவதி."

நூர் நிஷா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "யா அல்லா! தெனமுமா? எத்தனை நாளா? ஆஸ்பத்திரில காட்டுனீங்களா?"

"பஸ்ஸ எதுக்கு ஆஸ்பத்திரில காட்டணும்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கருத்தம்மாள் கேட்டாள், "நீ எங்கன எறங்கி வார?"

"ஆலமரத்து ஸ்டாப்புல. உங்க ஊரு விலக்குல எறக்கிவிடச் சொன்னேன். ஸ்டேஜ் இல்லைன்னு கண்டக்டர் எறக்க மாட்டேனுட்டாரு. அங்கன இருந்து நடந்துதான் வாரேன்."

"அந்த விலக்குதாண்டி ஆத்தா!"

நூர் நிஷா சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டதாகக் கருத்தம்மாள் பிறகு சொன்னாள். போகும்போது அந்த நர்ஸ் ஒரு யோசனை சொன்னாள். சென்னைக்கெல்லாம் போட வேண்டாம், பஸ் ஆபீஸுக்கே நேராகப் போடுங்கள், வாயால் எப்படிக் கேட்பீர்களோ அப்படியே எழுதுங்கள் என்றாள். மறுநாள் கருத்தம்மாள் என் மேஜைக்கு முன்னால் சண்டைக்கு நிற்பதுபோல வந்து நின்றாள்.

"அண்ணே, நான் சொல்றத மட்டும் எழுதுங்க. உங்க தமிழ் எனக்கு வேணாம்."

என் தமிழில் ஒரு குற்றமும் இல்லை. படித்தவனுக்குத்தான் பத்தவில்லை. இதை எடுத்துச் சொன்னேன், அவள் கேட்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். காலையில் வருகிற பஸ் கொக்கனேந்தல் விலக்கில் நிற்குமா, நிற்காதா? நிற்காது என்றால் ஏன்? பொருள் இல்லை, பார்வை இல்லை, சமூகத்துக்குப் பணிந்து என்ற ஒரு வார்த்தை இல்லை. இப்படி ஒரு மொட்டை மனுவை என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை.

முப்பது நாள் ஆனது. பதில் இல்லை. தீபாவளி வந்து போனது. பதில் இல்லை. மேலதிகாரிக்கு அப்பீல் போட்டோம். கார்த்திகை மழையில் நாலு மைலும் சகதி. ஒரு நாள் சேதுலட்சுமி நனைந்த பாவாடையோடு லேட்டாகப் போய்ச் சேர்ந்தாள். டீச்சர் அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார். மகள் சாயங்காலம் வந்து அதைச் சொல்லவில்லை, கூடப் படிக்கிற பெண் சொன்னாள். ஒரு பஸ் ஒரு நிமிஷம் நின்றால் முடிகிற காரியம். அதற்கு ஒரு பெண்பிள்ளை விடியுமுன் காட்டுக்குள் நடக்க வேண்டும், ஈரத்தோடு வெளியே நிற்க வேண்டும், லாரிக்காரன் அவளைப் பார்த்துக்கொண்டே கோழிக்கால் கடிக்க வேண்டும். நான் கோபக்காரன் என்று ஊரில் சொல்வார்கள். இதற்குக் கோபப்படாதவனை என்னவென்று சொல்வது?

மார்கழி பாதியில் பதில் வந்துவிட்டது. அப்பீல் போன வேகத்தில் மேலிருந்து கீழே ஒரு திட்டு விழுந்திருக்க வேண்டும். கீழே இருந்தவர் காரியத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டார். 'மனுதாரர் குறிப்பிடும் பேருந்து கொக்கனேந்தல் விலக்கில் அனைத்து நடைகளிலும் நின்று பயணிகளை ஏற்றி இறக்கிச் செல்கிறது. பள்ளி மாணவ மாணவியரின் இலவசப் பயணச் சலுகையும் ஏற்கப்பட்டு வருகிறது. ஆகவே தங்கள் மனு முடித்து வைக்கப்படுகிறது.' கீழே பெயர், பதவி, பச்சை மையில் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா? எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எழுத்தில் பொய் சொல்லிவிட்டான்! சென்னையில் தகவல் ஆணையம் இருக்கிறது. பொய்த் தகவல் கொடுத்த அதிகாரிக்கு அபராதம் போட அதற்கு அதிகாரம் உண்டு. நான் அங்கே நின்று வாதாடுவதையும், மறுநாள் பேப்பரில் என் போட்டோ வருவதையும் மனசுக்குள் பார்த்துவிட்டேன். எப்படியும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் இழுக்கும், ஆனால் விடக்கூடாது என்று கருத்தம்மாளிடம் விளக்கினேன்.

அவள் காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "நிக்குதுன்னு எழுதியிருக்கான்ல?"

"பொய்யின்னு சொல்றேன்ல, கருத்தம்மா."

"பொய்யோ மெய்யோ. நிக்குதுன்னு அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டான். அப்ப நின்னுதான ஆகணும்?"

ரெண்டு வருஷத்துக்குத் தை காத்திருக்காது என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஏட்டுச் சுரைக்காயை வைத்துக்கொண்டு எவளாவது குழம்புக்கு அடுப்பு மூட்டுவாளா? இவள் மூட்டினாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் நான் இருந்தேன். ஒரு சாட்சிக்கு என்று விலக்குக்கு முந்தின ஸ்டாப்பிலேயே ஏறியிருந்தேன். கொக்கனேந்தல் விலக்கு நெருங்கியது. கூத்தையா வழக்கம்போல இரட்டை விசில் கொடுத்தார். டிரைவர் மிதிக்கப் போனவர், பிரேக்கைப் போட்டார். ரோட்டின் நட்ட நடுவில் கருத்தம்மாள் நின்றாள். பக்கத்தில் சேதுலட்சுமி, கூட நாலைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

கூத்தையா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏம்மா, சாக வேற பஸ்ஸு கெடைக்கலையா? இது எல்.எஸ்.எஸ். இங்கன ஸ்டேஜ் கெடையாது."

"நீங்க இங்கன தெனமும் நிக்கிறீகளாம்ல தம்பி. எனக்குத்தான் இம்புட்டு நாளாக் கண்ணு தெரியாமப் போச்சு. ஏய் சேது, படி. சத்தமாப் படி."

சேதுலட்சுமி படித்தாள். முதலில் குரல் நடுங்கியது. 'ஏற்றி இறக்கிச் செல்கிறது' என்ற இடத்துக்கு வரும்போது பஸ்ஸே வாயை மூடிக்கொண்டு கேட்டது. இலவசப் பயணச் சலுகையை அவள் இரண்டு தடவை படித்தாள்.

கூத்தையா இறங்கி வந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், ஸ்டாம்பை விரலால் தடவிப் பார்த்தார். "இதெல்லாம் ஆபீஸுல சும்மா எழுதுறதும்மா."

"சும்மாவா?" கருத்தம்மாள் அவர் பையில் சொருகியிருந்த பேனாவைக் காட்டினாள். "அப்ப இந்தத் தாளுக்குப் பின்னாடி, எங்க ஆபீசர் சும்மா எழுதிட்டாருன்னு எழுதி, நீ ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு. நான் ரோட்ட விட்டு எறங்கிக்கிறேன்."

கூத்தையா பேனாவைத் தொடவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கற்ற பாடம் ஒன்று இருக்கிறது. வாயால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கையெழுத்து மட்டும் போடக்கூடாது. பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ஏலே, ஏத்தித் தொலைங்கப்பா! ராமநாதபுரம் கோர்ட்டுல எனக்கு வாய்தா!" டிரைவர் இன்ஜினை அணைத்தார். பிள்ளைகள் ஏறின.

கூத்தையா அன்றே டெப்போவில் போய்ச் சொல்லியிருக்கிறார். அங்கே கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தவர்களுக்கு வேர்த்திருக்கிறது. பஸ் நிற்கவில்லை என்றால் எழுதியது பொய், எழுதியது பொய் என்றால் ஆபீசருக்கு அபராதம். ஆபீசரைக் காப்பாற்ற ஒரே வழி பஸ்ஸை நிறுத்துவதுதான். ஒரு வாரத்தில் விலக்கில் ஒரு மஞ்சள் போர்டு நட்டுவிட்டார்கள். மக்கள் நலனுக்காக நிற்காத வண்டி, அதிகாரியின் மானத்துக்காக நின்றது. எதற்காக நின்றால் என்ன, நின்றது.

கருத்தம்மாள் என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். தை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. நான் அதே பஸ்ஸில் போய், விலக்கில் கம்பீரமாக இறங்கி நடந்தேன். நாட்டுக்கோழிக் குழம்பு. எனக்கும் தங்கசாமிக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டாள். நான் என் தமிழ் இல்லாமலேயே இந்த வெற்றி கிடைத்தது தற்செயல் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். தங்கசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"எங்கக்கா வந்துட்டுப் போச்சு. மாசியில கல்யாணத்த வச்சிருவோம்னு சொல்லிட்டேன்."

கருத்தம்மாள் கையில் கரண்டி அப்படியே நின்றது. குழம்பு சொட்டியது. உள்ளே பாயில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த சேதுலட்சுமி தலையைத் தூக்கவில்லை.

"பஸ்ஸு நின்னா போகட்டும்னு சொன்னது யாரு?" என்றாள் கருத்தம்மாள்.

தங்கசாமி செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

"பஸ்ஸு நின்னுருச்சுல்ல? போர்டு நட்டுட்டான்ல? போலீஸு வந்துச்சு, நர்சம்மா வந்துச்சு, ஊரே என்னையக் காறித் துப்புச்சு. நடுரோட்டுல சாகத் துணிஞ்சு நின்னேன். எல்லாம் நீ சொன்ன ஒரு சொல்லுக்காக. இப்ப மாசியில கல்யாணமா? ஏன்? காரணத்தச் சொல்லு. எனக்குக் காரணம் தெரியணும்."

மனுவில் கேட்டதைவிட நல்ல கேள்வி. நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவும் முடியவில்லை. தங்கசாமி பேச மாட்டார், கையைக் கழுவிவிட்டு ஆட்டுக் கொட்டத்துக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தலையைத் தூக்காமலே பேசினார்.

"பஸ்ஸு ஒரு சாக்குத்தான். அது நிக்கவா போகுதுன்னு நெனச்சேன். ரெண்டு பயலுகளும் போனானுக. மாசத்துக்கு ஒருக்க போனு. அதுவும் உங்கிட்டத்தான் பேசுறானுக. எங்கிட்டப் பேச அவனுகளுக்கு ஒண்ணும் இல்ல. இவ ஒருத்திதான் சாயங்காலமானா கொட்டத்துக்கு வந்து, அய்யா, அந்த வெள்ளக்குட்டி பால் குடிச்சுச்சான்னு கேக்குறா. படிச்சா இவளும் போயிருவா. எங்கக்கா வீடுன்னா சாயல்குடிதான். நெனச்சா போயிப் பாத்துட்டு வந்துருவேன்."

அவ்வளவையும் சேர்த்து அவர் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. அவருக்கே மூச்சு வாங்கியது. எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன், எத்தனையோ ஆபீஸிலிருந்து எத்தனையோ பதில் வாங்கியிருக்கிறேன். ஸ்டாம்பு ஒட்டாமல், அப்பீல் போடாமல் என் காதால் கேட்ட ஒரே உண்மையான தகவல் அதுதான்.

கருத்தம்மாள் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"இத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? இத்தனை மாசமா ஏன் சொல்லல?"

தங்கசாமி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ ஊரெல்லாம் கேட்ட. என்னைய எங்க கேட்ட?"

ரேஷன் கடைக்காரர் முதல் சாமியாடி வரை யாரையும் கேட்காமல் விடாதவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. உள்ளேயிருந்து சேதுலட்சுமி எழுந்து வந்து, அப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இலையில் குழம்பை ஊற்றினாள். "சாப்பிடுங்கய்யா" என்றாள்.

அன்று ராத்திரி நான் அங்கேயே தங்கிவிட்டேன். மறுநாள் காலையில் விலக்குக்குப் போனபோது தங்கசாமி எங்களுக்கு முன்னாலேயே அங்கே நின்றார். ஒரு தோளில் துண்டு, மறு தோளில் மகளுடைய புத்தகப் பை. தூரத்தில் பஸ் தெரிந்ததும், போர்டு இருக்கிறது, அது தானாக நிற்கும் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் ரோட்டில் இறங்கிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.